சரும அழகும் சஸ்திர சிகிச்சையும்

(நம் மகாசங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



முகத்திலும் தோலிலும் செய்துகொள்ளும் சிறு சிகிச்சைகளைக் குறித்து நம் ஜனங்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்றும், விவாக காலம் நெருங்குவதால் அது பிரயோஜனப்படுமென்றும் சங்கத்துக் காரியதரிசியவர்கள் நமக்கு எழுதியிருந்தார்கள். விவாக காலம் என்று அவர்கள் குறித்த அவ்வொரு சொல்லே இப்பிரசங்கத்திற்குப் போதிய காரணமாகும். முகூர்த்த மாதங்கள் வருமுன் நம்மிடம் வருவோரிற் பலர் நோயாளிகளல்லர். பெண் பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறிக்கப்பெற்ற கன்னிகைகளும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவரும் தாய்மார்களுமே. வியாதி என்று ஒன்றுமில்லாத ஒரு முகத்தைச் சிகிச்சையினாலேயே வியாதியுள்ளதாக்கும் அவலத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். ஆதலின் இதைச் சபையில் வெளிப்படையாகப் பேசுவது நம் கடமையென்று எண்ணி வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தை நீக்கிவிடுவோம். "பிளாஸ்டிக்கை உள்ளே வைத்துத் தைப்பீர்களா?" என்று படித்தவர்களே கேட்கின்றனர். குடத்திற்கும் வாளிக்கும் உதவும் அந்தப் பிளாஸ்டிக்குக்கும் இவ்வைத்தியத்திற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கிரேக்க பாஷையில் அச்சொல்லுக்குப் பிசைந்து உருவாக்குதல் என்பது பொருள். குயவன் மண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதுபோல, உள்ள தோலையும் தசையையும் கொண்டே இல்லாத உறுப்பை உருவாக்குதலின் இப்பெயர் வந்தது. ஜெர்மனி தேசத்தைச் சேர்ந்த ஸைஸ் என்னும் வைத்தியர் 1838-ஆம் வருஷத்திலேயே இப்பெயரிட்டு ஒரு நூல் வெளியிட்டார். பேக்கலைட் என்னும் செயற்கைப் பொருள் தோன்றியது 1907-ல்தான். ஆகவே பெயரில் மூத்தது வைத்தியமே.

பெயர் மேல்நாட்டதாயினும் தொழில் நம் பாரத தேசத்தது. சுசுருத சம்ஹிதையில் அறுந்த காதைச் சேர்த்தற்குப் பதினைந்து வகையான முறைகளும், கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் விதியும் சொல்லப்பட்டுள்ளன. ஆயினும் ஏட்டில் இருந்ததைக் கையில் வைத்துக் காத்தவர் யார் என்பதே நமக்கு வியப்பளிக்கும் செய்தி. 1792-ல் நிகழ்ந்த மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிவந்த காவஸ்ஜி என்பவன் திப்பு சுல்தானுடைய ஆட்களிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தான். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றித் திரிந்தவனுக்குப் பூனாவின் பக்கத்தில் ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். அவர் பண்டிதருமல்லர், அரண்மனை வைத்தியருமல்லர். செங்கல் அறுக்கும் மரபைச் சேர்ந்தவர். 1794-ல் லண்டன் நகரத்துப் பத்திரிகையொன்று இதைப் படத்துடன் வெளியிட்டது. அதை ஆதாரமாகக் கொண்டு கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814-ல் அம்முறையைத் தம் ஊரில் செய்துபார்த்து வெற்றிபெற்றார். இன்றும் நாம் நெற்றித் தோலால் மூக்கமைக்கும்போது செய்வது, நுணுக்கங்களில் வேறுபடினும், அந்தச் செங்கல்காரர் செய்த காரியமே.

முகத்தைச் சீர்செய்துகொள்வது வீண் ஆடம்பரம் என்று கருதும் பெரியோர் இச்சபையில் இருக்கலாம். அவர்களுக்கு வேலூரை ஞாபகப்படுத்துவோம். பால் பிராண்ட் என்னும் வைத்தியர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையைத் தொடங்கினார். விரல் நிமிர்ந்தும், ரோகம் முற்றும் தீர்ந்தும், அவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. ஏனெனில் உதிர்ந்த புருவமும் அமிழ்ந்த மூக்கும் அவர்கள் பழைய நோயைப் பார்ப்பவர்க்கெல்லாம் பறைசாற்றின. அதனால் தலைத்தோலிலிருந்து மயிருடன் கூடிய துண்டை எடுத்துப் புருவம் அமைத்தார்கள், மூக்கையும் எழுப்பினார்கள். அப்புருவம் தலைமயிர் போலவே நீண்டு வளரும். அடிக்கடி கத்தரித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் அதை உடையவனுக்கு ஊருக்குள் புக வழி கிடைத்தது. இரண்டு புருவம் ஒரு மனிதனுடைய பிழைப்பைத் தீர்மானிக்கும் உலகத்தில், அழகு வேண்டுவது அற்பம் என்று நாம் ஒருக்காலும் சொல்லமாட்டோம். அழகின் பெயரால் அவசரப்படுவதையும் ஏமாறுவதையுமே கண்டிக்கிறோம்.

இனி விஷயத்திற்கு வருவோம். தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: தோலின் மேற்படலத்தைத் தாண்டிக் கீழிறங்கிய எந்த வெட்டும், எந்தச் சுடுதலும், எந்தத் திராவகமும் தழும்பு வையாமல் போகாது. "தழும்பே தெரியாது" என்று விளம்பரம் செய்வோர், வாடிக்கைக்காரரை இழுக்கப் பேசுகின்றனரேயன்றி வைத்தியம் பேசவில்லை. கைதேர்ந்த வைத்தியன் செய்யக்கூடியது, அத்தழும்பை மெல்லியதாக்கி, முகத்தின் இயற்கையான மடிப்பிலோ மயிர் விளிம்பிலோ மறைப்பதே. முகத்தில் போட்ட தையலை ஐந்து நாள் அளவில் பிரிக்கலாம். ஆனால் தழும்பின் சிவப்பு தணியச் சில மாதங்களும், அது முற்றிலும் அடங்க ஓராண்டும் செல்லும். அதற்குள் வெயில் பட்டால், நம் போன்ற மாநிறத்தாருக்கு அவ்விடம் கறுத்துவிடும். முகூர்த்தத்திற்கு இருபது நாள் இருக்கையில் கன்னத்து மச்சத்தை எடுத்துவிடுங்கள் என்று வருவோரை, "விவாகம் முடிந்து சாவகாசமாக வாருங்கள்" என்றே நாம் திருப்பியனுப்புகிறோம். பலர் கோபித்துக்கொள்கின்றனர். சிலர் அடுத்த தெருவிலுள்ள அழகு நிலையத்தில் சுட்டுக்கொண்டு, புள்ளி இருந்த இடத்தில் பள்ளத்துடன் மணவறையில் அமர்கின்றனர்.

சிலருக்குத் தழும்பு அடங்குவதே இல்லை. காயத்தின் எல்லையையும் கடந்து நண்டுக்கால் போலப் படர்ந்து, அரித்துக்கொண்டே வளரும். இதைக் கீலாய்டு என்பர். காது மடலிலும் மார்பின் நடுவிலும் தோளிலும் இது மிகுதி; வெண்ணிறத்தாரைவிடக் கருநிறத்தாருக்கு அதிகம்; குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. வீட்டில் ஒருவருக்கேனும் இப்படி இருந்தால், இரண்டாவது மூன்றாவது காது குத்துதலை விட்டுவிடுவதே நலம். கீலாய்டை வெறுமனே வெட்டியெடுத்தால் பெரும்பாலும் முன்னிலும் பெரிதாக வளரும். ஊசி மருந்து, சிலிகோன் தகடு, அழுத்தும் தோடு, சிலருக்குக் கதிர் சிகிச்சை என இவற்றுள் ஏற்றதைச் சேர்த்து, மாதக்கணக்கில் பொறுமையுடன் நடத்தவேண்டிய காரியம் இது. ஒரே நாளில் எடுத்துத் தருகிறோம் என்பவரிடம் போகாதீர்கள்.

மச்சத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். வலக் கன்னத்தில் இருந்தால் யோகம், இடக் கன்னத்தில் இருந்தால் தோஷம் என்னும் சாஸ்திரத்தில் நாம் பிரவேசிக்கவில்லை; நம்மிடம் வருவோரில் தோஷத்திற்காக எடுப்போரும் உண்டு, யோகத்தை விடமாட்டோம் என்போரும் உண்டு. வைத்தியனுக்கு வேண்டியது அதன் நடத்தை. பல வருஷம் மாறாதிருக்கும் சமமான உருண்டை மச்சம் பெரும்பாலும் தீங்கற்றது. பாதிக்குப் பாதி ஒவ்வாத வடிவம், சிதைந்த ஓரம், ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், எல்லாவற்றினும் மேலாக அண்மைக் காலத்தில் வளர்ச்சியோ அரிப்போ உதிரமோ காண்பது ஆகிய இவை எச்சரிக்கைகள். மெலனோமா என்னும் கொடிய புற்று நம் நாட்டாருக்கு அபூர்வமே. ஆயினும் வரும்போது முகத்தைவிட உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தினடியிலும் வருவது வழக்கம். கண்ணாடி முன் நின்று கன்னத்துப் புள்ளிக்குக் கவலைப்படுகிறவர்கள் தங்கள் உள்ளங்காலை என்று கடைசியாகப் பார்த்தார்கள் என்று யோசிக்கட்டும்! சந்தேகமுள்ள மச்சத்தை லேசராலோ மின்சாரத்தாலோ சுடக்கூடாது. சுட்டுவிட்டால் பரிசோதிக்கப் பொருளே மிஞ்சாது. வெட்டியெடுத்த துண்டை நோய்க்கூறு பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்காகும் செலவை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து மருவின்மேல் வைக்கும் பழைய வழக்கம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. அது வெந்து எரிக்கும் காரம். எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்று வைத்தவருக்கே தெரியாது. இமைக்கருகில் வைத்தால் கண்ணுக்கே ஆபத்து. குதிரை மயிரால் கட்டி அறுக்கும் வழக்கத்தினால் சீழ் வைத்து வருவோரையும் பார்க்கிறோம். கழுத்தில் தொங்கும் சின்னஞ்சிறு பாலுண்ணிகளை மரத்துப்போகும் ஊசியிட்டு ஐந்து நிமிஷத்தில் நீக்கிவிடலாம்; அது பெரிய காரியமன்று. அவற்றுடன் கழுத்தின் பின்புறம் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அதுதான் பெரிய காரியம். அழுக்கென்று நினைத்துத் தாய்மார்கள் பீர்க்கங்கூடால் தேய்க்கின்றனர், பெண் அழுகிறாள், கறுப்பு இன்னும் மிகுகிறது. அது அழுக்கன்று. இன்சுலின் சரியாக வேலை செய்யாமையை உடம்பு வெளியே எழுதிக் காட்டும் அடையாளம் அது. சருக்கரையைப் பரிசோதித்து, எடையைக் குறைத்தால் கழுத்தும் மெல்லத் தெளியும். இப்பெண்களில் பலருக்கு மாதவிலக்குத் தாறுமாறாகி, மோவாயிலும் மேலுதட்டிலும் ரோமம் முளைத்திருக்கும். அதற்கு லேசர் உண்டு. நம் நிறத்துக்கு எல்லா லேசரும் ஏற்காது. ஆறெட்டு முறை செய்தாலும் குறையுமேயன்றி அடியோடு போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் கோளாற்றைக் கவனியாமல் மேலே மட்டும் சுட்டுக்கொண்டிருப்பது வேரைவிட்டுக் கிளையை வெட்டுவதேயாகும்.

காதைப் பற்றிப் பேசுவது நமக்கு எப்போதும் உவப்பான காரியம். பாம்படமும் தண்டட்டியும் அணிந்து தோள் வரை தொங்கிய காதை நம் பாட்டிமார் அழகென்றனர். பேத்திமார் அதைத் தைத்துச் சிறிதாக்கக் கேட்டனர். அழகு என்பது காலத்துக்குக் காலம் மாறும் கட்டளை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ? இப்போது வருவோர் பெரும்பாலும் கனத்த ஜிமிக்கியால் துளை நீண்டு அறுந்தவர்கள். இது எளிய சிகிச்சை. மயக்கம் கொடாமல், அவ்விடம் மட்டும் மரக்கும்படி ஊசி போட்டு, துளையின் ஓரத்துப் பழந்தோலை நீக்கிப் புதுத்தோலோடு புதுத்தோல் பொருந்தத் தைத்தால், ஒரு காதுக்கு அரைமணி நேரம் போதும். இரண்டு மூன்று மாதம் பொறுத்துத் தழும்புக் கோட்டை விட்டுப் பக்கத்தில் மறுபடி குத்திக்கொள்ளலாம். தையலில்லாமல் ஒட்டித் தருகிறோம் என்று நகைக்கடைத் தெருக்களில் பலகை தொங்குகிறது. பல இடங்களில் தடவுவது பசையன்று, தோலைப் பொசுக்கும் திராவகம். சிலருக்கு ஒட்டுகிறது; சிலருக்கு மடல் வெந்து சுருங்கி, பின்பு நாம் தைப்பதற்கும் சதை போதாமற் போகிறது.

நிறத்தைப் பற்றிச் சொல்லவே நாம் பிரதானமாக வந்தோம்.

பெண் சற்றுக் கறுப்பு என்று வரன் வீட்டார் சொல்லிவிட்டனர் என்ற ஒரு வார்த்தைக்குப் பின் அவ்வீட்டில் நடப்பது இதுதான். மருந்துக் கடையில், வைத்தியர் சீட்டின்றி, ஒரு குழாய்க் களிம்பு வாங்கப்படுகிறது. தோழி சொன்னாள், சித்தி சொன்னாள், கடைப்பையனே சொன்னான். தடவிய இரண்டு வாரத்தில் முகம் வெளிறிப் பளபளக்கிறது. வீட்டார் மகிழ்கின்றனர். அக்களிம்பில் இருப்பது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற நோய்களுக்குச் சில நாள் மட்டும், வைத்தியர் மேற்பார்வையில் தடவவேண்டிய உயரிய மருந்து. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முகம் வெளுத்துத் தோன்றுகிறது. மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து, உள்ளிருக்கும் நரம்பு வலை செந்நூல்போல வெளியே தெரியும், பருக்கள் வெடிக்கும், ரோமம் முளைக்கும், வெயிலில் இறங்கினால் எரியும். நிறுத்தினாலோ முகம் நெருப்பாய்ச் சிவந்து வீங்கும். அதற்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். கள்ளுக்கு அடிமையானவன்போல முகம் அம்மருந்துக்கு அடிமையாகிவிடும். இவ்வகைக் களிம்புகள் பலவற்றைச் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-ல் மத்திய சர்க்கார் உத்தரவு பிறப்பித்தனர். உத்தரவு சர்க்காரிடமும் களிம்பு கடையிலும் இருக்கின்றன.

இன்னொன்று பாதரசம். ஊர் பேர் சரியாக அச்சிடாத டப்பாக்களில் வெளிநாட்டுச் சரக்கென்று வரும் வெள்ளைக் களிம்புகள் சிலவற்றில் அது இருக்கிறது. அது தோலில் கறுப்புப் பொருள் உண்டாவதைத் தடுக்கும். தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தையும் தாக்கும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் ஒழுகிக் கால் வீங்கி வந்தவர்களிற் பலர் இத்தகைய களிம்புகளைத் தடவியவர்கள் என்று வைத்தியர்கள் கண்டறிந்தது 2023-ல் வெளிப்பட்டது. முகம் வெளுக்கத் தடவியது சிறுநீரகத்தைக் கெடுத்தது! நிறத்துக்கென்று குளுட்டாதையோன் என்னும் மருந்தை நரம்பில் ஏற்றும் நிலையங்களும் பெருகியிருக்கின்றன. நிரந்தரமாக நிறம் மாற்றும் என்பதற்கு ஒப்புக்கொள்ளத்தக்க ஆதாரமில்லாத ஒரு பொருளை, நேரே இரத்தத்தில் செலுத்திக்கொள்ளும் தைரியம் எங்கிருந்து வருகிறதென்று நமக்கு விளங்கவில்லை.

தோலின் கறுப்பு மெலனின் என்னும் சாயத்தால் உண்டாவது. வெயிலின் தீங்கைத் தாங்கும் குடை அது. உங்கள் பிறவி நிறம் யாதென அறிய, வெயில் படாத மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். வெயிலாலும் புண்ணாலும் கறுத்த முகத்தை ஏறக்குறைய அந்நிறத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் வெளுப்பாக்கித் தருகிறோம் என்பவர் யாராயினும், அவர் எவ்வளவு பட்டம் பெற்றவராயினும், நம்பாதீர்கள். 1975-ல் வந்து நாடெங்கும் விற்ற வெண்மைக் களிம்பு ஒன்றுகூட 2020-ல் தன் பெயரிலிருந்து வெண்மை என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது. வியாபாரிக்கு வந்த வெட்கம் நமக்கு வரவில்லை. இதைச் சொல்லும்போது நம் சங்கத்து மாதப் பத்திரிகையையே கையில் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. இதன் கடைசிப் பக்கங்களில் மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் "நல்ல சிவப்பு" என்னும் சொற்கள் அச்சாகின்றன. நம் குலத்தில் பெரும்பாலோர் என்ன நிறமென்று இக்கூட்டத்தைப் பார்த்தாலே விளங்கும். வரன் தேடும் பையனும் அந்நிறந்தான். அவன் தாயாரும் அந்நிறந்தான்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைமயிர் நடுதல் இப்போது மலிந்துவிட்டது. 2016-ல் சென்னையில், வைத்தியக் கல்லூரியிலேயே படித்துவந்த ஒரு வாலிபர் அழகு நிலையமொன்றில் மயிர் நட்டுக்கொண்டு, அதன்பின் உயிரிழந்தார். மரக்கும் மருந்தின் அளவும், ஆபத்து வந்தால் தாங்கும் வசதியும் அறிந்த இடத்திலேயே இதைச் செய்யவேண்டும். தக்க பயிற்சி பெற்ற வைத்தியரே செய்யவேண்டுமென்று தேசிய வைத்தியக் கமிஷன் 2022-ல் நெறிமுறை வகுத்தது. எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.எஸ்., பிறகு மூன்று வருஷம் படித்துப் பெறும் எம்.சிஎச். பட்டம் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு உரியது. சரும வைத்தியருக்கு எம்.டி. முதலிய பட்டங்கள் உண்டு. சுவரில் தொங்கும் சான்றிதழ் எத்தனை நாள் வகுப்புக்கு அளித்ததென்று கூச்சமின்றிக் கேளுங்கள். சருக்கரை வியாதியையும், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளையும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். ஆண்பிள்ளைகளில் மார்பு பெண்களுக்குப்போல் பருத்து, சட்டையைக் கழற்ற வெட்கி, கோயிற் குளத்திலும் இறங்காதிருப்போர் உண்டு. பருவ காலத்தில் தோன்றுவது பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானே வற்றிவிடும். வற்றாவிடில் நல்ல சிகிச்சை உண்டு. வெட்கத்தால் வருஷங்களை வீணாக்கவேண்டாம். கொழுப்பை உறிஞ்சி எடை குறைக்கலாம் என்று எண்ணுவோர்க்கு, அது உருவத்தைத் திருத்தும் வேலையேயன்றி எடை குறைக்கும் வேலையன்று என்பதோடு நிறுத்துகிறோம்.

சங்கத்தாருக்கு நம் விண்ணப்பம் இரண்டு. வருகிற இதழ் முதல் மண விளம்பரங்களில் நிறத்தைக் குறிக்கும் சொற்களை அச்சிடுவதில்லையென்று நிர்வாக சபையார் தீர்மானிக்க வேண்டும். விளம்பரக் கட்டணம் குறையுமென்று பொக்கிஷதாரர் கவலைப்படலாம். படிப்பையும் குணத்தையும் எழுதவே இடம் போதாதென்று மக்கள் இரண்டு வரி அதிகம் எழுதுவார்களே!

இரண்டாவது, சங்கத்து வைத்திய நிதியைப் பற்றியது. உதடு பிளந்து பிறந்த குழந்தையைக் கிரகணத்தின்மேல் பழி சுமத்தி வீட்டுக்குள் ஒளித்து வளர்ப்போர் நம் கிராமங்களில் இன்னும் இருக்கின்றனர். உதட்டை ஏறக்குறைய மூன்றாம் மாதத்திலும், அண்ணத்தைப் பேச்சு வருமுன் ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்துவிட வேண்டும். அடுப்பிலோ விளக்கிலோ வெந்து, மோவாய் மார்போடு ஒட்டிய பெண்கள் தலைநிமிர முடியாமல் இருக்கின்றனர். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகளிலும், மதுரை இராஜாஜி ஆஸ்பத்திரியிலும் இவற்றுக்கான பிரிவுகள் உண்டு. சிகிச்சைக்குப் பணம் வேண்டாம். கிராமத்திலிருந்து வந்துபோக இரயில் சத்தமும், உடனிருப்பவர்க்குச் சாப்பாடும், கூலி இழக்கும் நாட்களுக்கு ஈடுமே வேண்டும். அவற்றை நிதியிலிருந்து கொடுக்கலாம். அப்படிப்பட்டவர்களின் பெயரைக் கிளைச் சங்கத்துக் காரியதரிசிகள் எழுதியனுப்பினால், எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள், யாரைப் பார்க்கவேண்டும் என்று நாமே பதில் எழுதுவோம்.